தலையாட்டாமல் வாசி

ஐந்து வருடங்களுக்கு முன், வெல்லாவெளிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாடசாலையில் தரம் மூன்றுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். என் வீடு களுதாவளையில். காலையில் ஒரு பஸ், பிறகு வாவியைக் கடக்கப் 'பாதை'. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகிற தட்டையான படகை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இறங்கினால் இன்னொரு பஸ். இவ்வளவு பாடுபட்டுப் போகிறேனே என்ற நினைப்போ என்னவோ, எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சமா? நிறையவே இருந்தது.

அந்தத் தலைக்கனமெல்லாம் வாசிப்பில்தான். விரல் வைத்து வாசிப்பது, உதட்டுக்குள் முணுமுணுப்பது, தலையை ஆட்டுவது, இவை மூன்றும் பிழையான வாசிப்புப் பழக்கங்கள் என்று கல்வியியற் கல்லூரியில் படித்திருந்தேன். என் வகுப்பில் மூன்றும் கிடையாது. யாராவது தலையாட்டினால் பின்னால் போய் நின்று, இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வேன். அடிப்பதில்லை, கிள்ளுவதில்லை, பிடிப்பதுதான். இரண்டு கிழமையில் பழக்கம் போய்விடும். ஆசிரிய ஆலோசகர் வந்தால், "டீச்சர்ட வகுப்பெண்டா வேற மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவாது.

அந்த வருடம் என் வகுப்புக்கு ஒரு பெண் பிள்ளை வந்தாள். எட்டு வயது. நடக்கும்போது தள்ளாடுவாள். கதைத்தால் பேச்சு இழுத்து இழுத்து வரும். இரண்டு கண்களின் வெள்ளையிலும் சிவப்பு நரம்புகள் கோடு கோடாகத் தெரியும். கண்நோய் என்று நினைத்து முதல் கிழமையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் தாய் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இது தொத்திற வருத்தமில்ல டீச்சர். ஆறு வயசில இருந்தே கண் இப்பிடித்தான். நடை பிடிச்ச நாளில இருந்து தள்ளாட்டமும் இருக்கு. கிளினிக்குக்குக் காட்டிக்கொண்டுதான் இருக்கம்."

சரி, பலவீனமான பிள்ளை என்று விட்டுவிட்டேன். ஆனால் வாசிக்கச் சொன்னால் அவள் செய்த வேலையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு சொல்லை வாசிப்பாள். சட்டென்று தலையை ஒரு வெட்டு வெட்டுவாள். அடுத்த சொல். மறுபடி ஒரு வெட்டு. வரி முடிந்து அடுத்த வரிக்கு வரும்போது தலை முழுவதும் கிறுகித் திரும்பி வரும்.

ஒருநாள் எரிச்சலில், "ஓணான் மாதிரித் தலையாட்டாம வாசி மகள்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர்.

பின்னால் போய் நின்று தலையைப் பிடித்தேன். அவள் வாசிக்கவில்லை. முதல் சொல்லைச் சொல்லிவிட்டு நின்றாள். "மறுகா? அடுத்தது?" என்றேன். மெதுவாகச் சொன்னாள்: "அங்கால போக ஏலாமக் கிடக்கு டீச்சர்." சாட்டுச் சொல்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. இரண்டு கிழமை பிடித்தேன். ஒரு தவணை, மூன்று மாதம் முழுவதும் பிடித்தேன். கொஞ்ச நாள் போக, நான் பக்கத்தில் வந்தாலே தன் தாடையைத் தானே கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பேசாமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தவணை முடிவில் மெல்லக் கற்போர் பட்டியலில் அவள் பெயரை எழுதிவிட்டுத் தாயைக் கூப்பிட்டுச் சொன்னேன், இவளுக்கு வாசிப்பு வராது என்று.

தாய்க்கு விளங்கவில்லை. "வீட்ட வாசிக்கிறாளே டீச்சர். கடைச்சாமான் சுத்தி வாற பேப்பரையும் விடமாட்டாள்."

"மனப்பாடமாக்கி வச்சிருப்பாள்" என்றேன் நான். சாமான் சுற்றி வருகிற பேப்பரை எந்தப் பிள்ளை பாடமாக்கும்? அதைக்கூட யோசிக்காத மண்டை என் மண்டை.

அடுத்த தவணை அவள் வரவில்லை. வழியில் அடிக்கடி விழுகிறாள், வாசிப்பும் வராதென்று டீச்சரே சொல்லிவிட்டா, எதற்கு இந்தப் பாடு என்று தகப்பன் மறித்துவிட்டாராம். எனக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை குறைந்தது, அவ்வளவுதான்.

நாலைந்து மாதம் கழித்துத் தாய் பாடசாலைக்கு வந்தார். இரத்தப் பரிசோதனையெல்லாம் முடிந்துவிட்டது, நரம்பு வைத்தியர் முடிவு சொல்லப்போகிறார், படிப்பைப் பற்றியும் கேட்பாராம். "எனக்கு அவங்கட கதை விளங்காது. நீங்க ஒருக்கா வந்தா நல்லம் டீச்சர்" என்று கெஞ்சினார். என்னை நம்பித்தான் கேட்டார். லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வைத்தியர் ஒரு கதைப் புத்தகத்தை அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கித் தாடையைப் பிடித்துக்கொண்டாள். வாசிக்கவில்லை.

"ஏன் பிள்ள தாடையைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறீங்க?"

"டீச்சர் இருக்கிறா" என்றாள்.

வைத்தியர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்தார். "விருப்பமான மாதிரி வாசியுங்க" என்றார். வாசித்தாள். வெட்டி வெட்டி, தலையை எறிந்து எறிந்து, ஒரு பக்கம் முழுவதையும் பிழையில்லாமல் வாசித்தாள். முயல் கிணற்றை எட்டிப் பார்க்கிற இடத்தில் தானே சிரித்துக்கொண்டாள். நாக்குத்தான் இழுத்ததே தவிர, எழுத்தெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"கண்ணைத் திருப்பச் சொல்லி மூளை சொல்லுற கட்டளை இவவுக்குப் போய்ச் சேராது" என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். "அதால தலையை எறிஞ்சுதான் கண்ணை அடுத்த சொல்லுக்குக் கொண்டுபோறா. ஆரும் சொல்லிக் குடுக்கேல்ல, தானே கண்டுபிடிச்ச வழி. தலையைப் பிடிச்சா கண்ணைக் கட்டிப்போட்ட மாதிரி."

நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது எனக்கு. நான்தான் பிடித்தேன் என்று அவரிடம் சொல்லத் தேவை இருக்கவில்லை.

மிச்சத்தை அவர் எங்கள் இருவரையும் வெளியே கூப்பிட்டுத்தான் சொன்னார். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் சேர்ந்து வருகிற பரம்பரை நோய். இரண்டு பேரிடமும் இருக்கும், வெளியே தெரியாது. மருந்து இல்லை. நடை போகும், கை போகும், பேச்சும் போகும். "வாசிக்க ஏலுமான காலத்தில வாசிக்கட்டும்" என்றார். தாய் அழவில்லை. "பிள்ளைட தகப்பன் எனக்கு மச்சான்தான் டீச்சர், சொந்தத்துக்குள்ளதான் முடிச்சது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர்களை வீட்டில் விட நானும் போனேன்; பாதைப் படகில் அவள் தாயின் மடியில் இருந்தாள். கம்பியில் கட்டியிருந்த அறிவித்தல் பலகையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தலையாட்டலாமா டீச்சர்?"

"ஆட்டு மகள், எவ்வளவு வேணுமெண்டாலும் ஆட்டு" என்றேன். அவ்வளவு சனத்துக்கு முன்னால் வாய்விட்டு அழுதேன். அவள் பலகையை முழுவதும் வாசித்து முடித்தாள்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் புத்தகங்களோடு அவள் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். பிராயச்சித்தம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தவணை முழுவதும் அவளிடமிருந்து பறித்திருந்தேன். அதுவும் அவளுக்கு நல்லாக வாசிக்க முடிந்த காலத்தில் ஒரு தவணை. இரண்டு வருடத்தில் சக்கர நாற்காலி வந்தது. பிறகு கழுத்துக்கும் அந்த வெட்டு வெட்டப் பலமில்லை. ஒரு காகித மட்டையில் சின்ன ஓட்டை வெட்டி, அதற்குப் பின்னால் புத்தகத்தை நானே ஒவ்வொரு சொல்லாக நகர்த்திக் காட்டினேன். கொஞ்ச காலம் அப்படி வாசித்தாள். இப்போது அதுவும் களைப்பு. நான் வாசிக்கிறேன், அவள் கேட்கிறாள். பிழையாக வாசித்தால் முகத்தைச் சுளிப்பாள்.

இந்த வருடம் எனக்குத் தரம் ஒன்றைத் தந்திருக்கிறார்கள். அவளுடைய தங்கை என் வகுப்பில். ஓடித் திரிகிற பிள்ளைதான், அடிக்கடி தடுக்கி விழுவாள். பிள்ளைகள் என்றால் விழுவார்கள்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். போன கிழமை அவளை எழுப்பி இரண்டு வரி வாசிக்கச் சொன்னேன். முதல் சொல்லை வாசித்தாள். அடுத்த சொல்லுக்குப் போகும்போது தலை சட்டென்று ஒரு வெட்டு வெட்டியது.

பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். என் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் வாசித்து முடிக்கும்வரை நின்றேன். பிழையில்லாமல் வாசித்தாள்.

பாடசாலை விட்டதும் தாய் கூட்டிப்போக வந்தார். வழக்கம்போலக் கேட்டார்: "எப்பிடி டீச்சர், வாசிக்கிறாளா?"

"நல்லா வாசிக்கிறாள்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "தலையாட்டியா?"

ஒரு காலத்தில் அந்தத் தலையாட்டலைப் பிழையென்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை; அன்றைக்கு அந்தத் தாய்க்கு "ஓம்" என்று சொல்லத்தான் நெடுநேரம் எடுத்தது.