இறக்கையில் ஒட்டிய சிவப்புத் துண்டு

பச்சைப் பெயின்ட் பொருக்காக எழும்பி நகத்தோடு வந்தது. அடியில் சிவப்பாக நூல் தெரிந்தது. நாகூரில் ஒரு வெளிநாட்டுச் சாமான் கடையில், கண்ணாடிப் பெட்டியின் மேல் கவிழ்த்து வைத்திருந்த சிறு மாதிரிப் போர் விமானத்தின் இடது இறக்கை அது. பழைய சாமானாக வந்ததைப் பார்த்து, இன்னது என்று கண்டு, விலை மதித்துச் சொல்வதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நூலைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார பாய், "என்ன தம்பி, கிறுகிறுன்னு வருதா? டீ சொல்லவா?" என்றார். வேண்டாம் என்று தலையசைத்தேன். இந்த விமானத்தைத் திருடியதாகச் சொல்லித்தான் என் தாய்மாமனை ஜெயிலில் வைத்தார்கள் என்பதை அவரிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை.

மாமாவின் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். அந்த ஊரின் நஞ்சையில் பெரும்பகுதி ஒரே மிராசு வீட்டுக்குச் சொந்தம். எங்கள் சனத்துக்கு அங்கே குடிசை போட இடம் இருந்ததே தவிர, உழ ஒரு குழி நிலம் கிடையாது. மாமா மட்டும் சேற்று வேலையிலிருந்து கொஞ்சம் விலகி, மிராசு வீட்டுப் பம்புசெட் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழுது என்றால் அவரே பிரித்து அவரே பூட்டிவிடுவார். அந்த வீட்டின் இளைய மகனை ஊரில் சின்னவர் என்பார்கள். சின்னவர் சிங்கப்பூரிலிருந்த உறவுக்காரர் வழியாக ஒரு விமானம் வரவழைத்திருந்தார். கையில் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அதிலிருக்கும் குச்சிகளை அசைத்தால், கம்பி கயிறு எதுவும் இல்லாமல் அது வானத்தில் திரும்பும், ஏறும், இறங்கும். அறுவடை முடிந்த வயலில் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி, காற்றில் விட்டெறிய ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் மாமா. நான் விமானப்படையில் வயர்லெஸ் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்து, முதல் விடுமுறையில் வந்தபோது அதை ஒருமுறை பார்த்தேன். ஊரே வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தது. சின்னவரும் மாமாவும் ஒரே வயதுக்காரர்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இரண்டு பேருக்கும் நடுவில் எதுவும் இல்லாதது போல இருந்தது.

ஒருநாள் விமானம் பனைமரத்தில் மோதி இடது இறக்கை கிழிந்துபோனது. இறக்கையின் எலும்புகள் கனமே இல்லாத ஒரு மரம். அதன் மேல் மெல்லிய பட்டுத்துணியை இழுத்து ஒட்டி, வார்னிஷ் போல ஒன்றைப் பூசியிருப்பார்கள். மாமா உடைந்த இடங்களில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, தோளில் கிடந்த துண்டின் ஓரத்தைக் கிழித்து மேலே ஒட்டிக் கொடுத்தார். அது விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் போட்டுக்கொள்ளும் சிவப்புத் துண்டு. சின்னவர் சிரித்தாராம். "எங்க அப்பா பாத்தா ப்ளேனையே கொளுத்திருவாருடா" என்று சொல்லி அதன் மேல் பச்சைப் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார். மாமா இதை எங்கள் வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் அது சிரிப்புக்கான கதை.

ஆட்சி மாறியிருந்த காலம். மேடைதோறும் ஏழையின் அரசு என்று பேசினார்கள். நில உச்சவரம்பு, குத்தகை, கூலி என்று டீக்கடை பெஞ்சு வரை அதே பேச்சு. அந்த வருடம் சம்பா அறுவடைக்கு முன்னால், நெல்லாகக் கொடுக்கும் கூலியைக் கூட்டித் தந்தால்தான் அரிவாளை எடுப்போம் என்று எங்கள் சனம் சொல்லிவிட்டது. முன்னால் நின்று பேசியவர் மாமா. கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கும்போது ஒவ்வொரு நாளும் மிராசுதாருக்கு நெருப்பில் நிற்பது போலத்தான் இருந்திருக்கும். விமானத்தைக் காணோம், கடைசியாக அதைத் தொட்டவன் எஞ்சின்காரன் என்று அவர் புகார் கொடுத்தார். சின்னவர் அப்போது மெட்ராஸில் படிப்பில் இருந்தார். மாமாவைப் போலீஸ்காரர்கள் வயலில் வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் உள்ளே இருந்தபோது வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து கதிரை அறுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சில மாதம் கழித்து, சாட்சி போதவில்லை என்று கோர்ட்டில் விட்டுவிட்டார்கள். அவர் எடுக்கவில்லை என்று மட்டும் எவரும் சொல்லவில்லை. மிராசு வீட்டில் வேலை போயிற்று. சுற்றுவட்டாரத்தில் வேறு எவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊரில் அவருக்கு 'ஏரோப்ளேன்' என்று பெயர் விழுந்தது. எங்கள் சனத்திலேயே சிலர், எடுத்தாலும் எடுத்திருப்பான், அவன் கைதானே அதில் கிடந்தது என்றார்கள். மாமா அத்தையை அழைத்துக்கொண்டு கோடியக்கரைப் பக்கம் போய் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எஞ்சின் ஓட்டிய கை உப்பு வாரும் பலகையைப் பிடித்தது. விடுமுறையில் நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் வெயிலும் உப்பும் சேர்ந்து அவரைக் காயவைத்துக்கொண்டே இருந்தன. அந்த விஷயத்தை அவரும் எடுக்க மாட்டார், அத்தையும் எடுக்க மாட்டார். ஒருமுறை நானாகக் கேட்டதற்கு, "ஒங்க அத்தை ஒரு வார்த்தை கேக்கல மாப்ள. நம்புனா. எனக்கு அது போதும்" என்றார்.

படையிலிருந்து வெளியே வந்தபின் நாகப்பட்டினத்தில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை வைத்தேன். முகாமில் இருந்தபோது அதிகாரிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரி விமானங்கள் விடுவார்கள். அவற்றின் ரேடியோவைச் சரிசெய்வது என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கம் தெரிந்துதான் நாகூர் பாய் ஆள் அனுப்பியிருந்தார். இறக்கையின் நுனி நீள்வட்டமாக வளைந்து முடிவதைப் பார்த்ததுமே இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்துக்காரர்கள் ஓட்டிய ஸ்பிட்ஃபயரின் மாதிரி என்று தெரிந்துவிட்டது. விசிறியை விரலால் மெல்லச் சுற்றினேன். எஞ்சின் எதிர்த்துத் தள்ளியது. உள்ளே இன்னும் இறுக்கம் இருந்தது. பழைய விளக்கெண்ணெய் வாடை வந்தது. இந்த வகை எஞ்சின்களின் எரிபொருளில் அதைக் கலப்பார்கள். பேட்டரி கசிந்து பச்சை பூத்து ஒயர்களைத் தின்றிருந்தது. இறக்கையில் ஒட்டு இருக்கிறதா என்று பார்க்கத்தான் பெயின்ட் உப்பியிருந்த இடத்தை நகத்தால் கீறினேன்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு பாய்?"

"நன்னிலம் பக்கம் ஒரு மிராசு வீடு தம்பி. பெரியவரு மௌத்தாயிட்டாரு. வீட்டை வித்துட்டு எல்லாரும் மெட்ராஸ் போறாங்க. நெல்லு ரூம்ல ஒரு ட்ரங்குப் பெட்டி பூட்டுனபடியே கெடந்துச்சாம். ஒடைச்சுப் பாத்தா இது. சின்ன மகன்தான் கொண்டாந்து குடுத்தாரு. பாக்கவே புடிக்கல, என்ன குடுத்தாலும் சரின்னுட்டாரு."

பெரியவர் வேண்டுமென்றே உள்ளே வைத்துப் பூட்டினாரா, யாரோ பத்திரமாக எடுத்து வைத்ததை மறந்தாரா, எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள இனி அவர் இல்லை. பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விமானத்தைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, "மொதல்ல ஒங்க மாமாவக் கூட்டியாங்க. யாவாரத்த அப்பறம் பேசிக்குவோம்" என்றார்.

மாமா வந்தார். சட்டைக்கு வெளியே தெரிந்த தோல் முழுக்க வெடிப்பு. வெகுநேரம் தொடாமல் பார்த்தார். பிறகு விமானத்தைத் திருப்பி, பெயின்ட் பெயர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"இதான்" என்றார். "அப்ப வீட்லயேதான் இருந்துருக்கு."

ஊருக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டுவோம், ஒரு வக்கீலைப் பார்ப்போம் என்று நான் படபடவென்று பேசினேன். அவர் காது கொடுத்த மாதிரி தெரியவில்லை.

"யாருகிட்ட காட்டுறது மாப்ள? புகார் குடுத்தவரு போயிட்டாரு. புடிச்ச போலீசுக்காரரு எங்க இருக்காரோ. நாம கேட்ட கூலிய அப்பறம் சட்டமே போட்டுக் குடுத்துட்டாங்க. இப்ப உள்ள பயலுவளுக்கு என்னையும் தெரியாது, ஏரோப்ளேனயும் தெரியாது." விமானத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "இது என்ன பெறும்?" என்றார்.

புதிதில் ஒரு ஜோடி உழவு மாடு வாங்கியிருக்கலாம், இப்போது ஒரு பழைய சைக்கிளுக்கு ஆகும் என்றேன்.

"ஒட்டுப் போட்டதால கொறையுதா?"

"அதுவும்தான் மாமா."

"அப்ப நானும் கொஞ்சம் கொறைச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அத்தைக்கு மட்டும் காட்ட வேண்டும் என்றார். நான் மதித்த விலையில் பாதிக்கு மேல் வாங்க பாய் மறுத்துவிட்டார்.

பஸ்ஸில் வேதாரண்யம் வரை அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வீட்டில் அத்தை அடுப்படியில் இருந்தார். மாமா துணியைப் பிரித்து, ட்ரங்குப் பெட்டி விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். முகத்தில் மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்த்தேன். பயந்தவர் போல நின்றார்.

"அப்ப நீங்க எடுக்கலையா?"

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"கூலி தராத கோவத்துல எடுத்து ஆத்துல வீசிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார் அத்தை. "அதுல ஒண்ணும் தப்பில்லன்னுதான் எனக்குள்ள சொல்லிக்கிட்டேன்."

"நீ ஒருநாளும் கேக்கலையே. நம்புறேன்னுல்ல நெனச்சேன்."

"கேட்டா ஆமான்னு சொல்லிருவீங்களோன்னு பயம். அதான் கேக்கல."

அதன்பிறகு மூன்று பேரும் சாப்பிட்டோம். மீன் குழம்பு நன்றாக இருந்தது என்று நான் மட்டும் சொன்னேன். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜெயிலும் ஊர்ப்பேச்சும் செய்யாததை நான் கண்டுபிடித்துக் கொடுத்த சாமான் செய்துவிட்டதோ என்று இருந்தது. இந்த வயதிலும் அந்த முதுகு என் கண்ணில் நிற்கிறது. அத்தையைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வந்ததில்லை. திருடன் என்று நம்பிய ஒருவரோடு உப்புவெயிலில் அத்தனை வருடம் கிடந்தவர் அவர். இரண்டு பேரும் இப்போது இல்லை.

அந்த இரவு கழிந்து, மறுநாள் விடிந்ததும் மாமா வழக்கம்போல உப்பளத்துக்குக் கிளம்பினார். பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றார். அத்தை பழைய சோற்றுத் தூக்கை எடுத்து வந்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அத நீங்கதான் எடுத்தீங்களா?"

மாமா அவரையே பார்த்தார். வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலின் மேல் விமானம் கிடந்தது. விடை அங்கேயே இருந்தது. ஆனாலும் கேட்ட கேள்விக்கு நிதானமாகப் பதில் சொன்னார்.

"நான் எடுக்கல."

"சரி" என்று அத்தை தூக்கை அவர் கையில் கொடுத்தார்.