எனக்கு இல்லாத சுகர்

போன வருஷம் பொங்கல் முடிந்து, எங்கள் பக்கம் அறுவடை மும்முரமாக இருந்த நேரம். தஞ்சாவூரில் நடந்த ஓட்டப் போட்டி ஒன்றில் பதினெட்டாவது கிலோமீட்டரில் நான் நின்றுபோனேன். காலும் வலிக்கவில்லை, மூச்சும் முட்டவில்லை. ஏன் நின்றேன் என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு நாலு மாதம் முன்னால், பூதலூர் பக்கம் எங்கள் ஊர் வாய்க்கால் கரை ரோட்டில் நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

படிப்பு முடிந்ததும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் நான். நாள் முழுக்க நாற்காலியில் கிடக்கிற எரிச்சலில் ஓட ஆரம்பித்தேன். ஆறே மாதத்தில் அது பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. இருபத்தொரு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. முதல் போட்டியில் இரண்டு மணி மூன்று நிமிஷம் ஆனது. அந்த மூன்று நிமிஷத்தை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். இங்கே ஒருத்தன் ரோட்டில் ஓடினால் பஸ்ஸை விட்டுவிட்டான், இல்லை, வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்று அர்த்தம். அதனால் வண்டியில் வருகிற ஒவ்வொருவரும் நிறுத்துவார்கள்.

"எங்க தம்பி போகணும்? ஏறுங்க."

"இல்லைங்க, சும்மா ஓடுறேன்."

"சும்மா எதுக்கு ஓடணும்? ஏறுங்க, எறக்கி விட்டுட்டுப் போறேன்."

வேண்டாம் என்றால் கோபம் வேறு. ஒருத்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு ஒரு மாதம் எங்கள் அப்பாவோடு பேசவில்லை. வயலில் சம்பா நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு நான்தான் அன்றாடப் பொழுதுபோக்கு.

"யாருடி இந்தப் புள்ளைய தொரத்துறது?"

"பின்னால ஒருத்தரையும் காணுமேடி!"

"பொண்ணு வீட்டுல இருந்து வர்றாங்களாம். அதான் புள்ள தப்பிச்சு ஓடுது!"

வயல் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துத் தொலைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் இன்னும் அதிகமாகும். ஒவ்வொரு தடவை நின்று பதில் சொல்லும்போதும் என் கைக்கடிகாரத்தில் வேகம் பொத்தென்று விழும். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் காலையில் நல்ல வேகம் கிடைத்திருந்தது. எட்டாவது கிலோமீட்டரில் பால் கேன் கட்டிய வண்டி ஒன்று என் பக்கத்தில் வந்து, என் வேகத்துக்கே மெதுவாக உருண்டது.

"போலீஸ் வேலைக்கா தம்பி?"

"இல்லைங்க."

"அப்ப மிலிட்டரிக்கு."

"இல்லைங்க. பிடிச்சிருக்கு, ஓடுறேன்."

"பிடிச்சிருக்குன்னா?"

அதற்கு மேல் என்னத்தைச் சொல்ல? மூச்சு வாங்கிக்கொண்டே, "சுகருங்க! டாக்டர் ஓடச் சொல்லியிருக்காரு!" என்று கத்திவிட்டேன்.

"அடடா, இந்த வயசுலயா!" என்றார். மறுபேச்சு இல்லாமல் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது எனக்கு. மறுநாளிலிருந்து ஒரு வண்டியும் நிற்கவில்லை. நடவு வயலில்கூட அடக்கமாக, "பாவம்டி" என்பதோடு நின்றது.

ஆனால் அதோடு போயிற்றா? டீக்கடையில் கேட்காமலே சீனி இல்லாத டீ வந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாறியவர், "உங்களுக்கு வேணாம் தம்பி" என்று என் இலையை மட்டும் தாண்டிப் போனார். நாவல் கொட்டைப் பொடி, ஆவாரம்பூக் கஷாயம் என்று பொட்டலம் பொட்டலமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஒழுங்கா ஊர்ல போய் மாத்திச் சொல்லிடு. நாளைக்கு உனக்கு யாருடா பொண்ணு குடுப்பா?" என்றார். ரேஸ் முடியட்டும், சொல்லிவிடுகிறேன் என்றேன்.

இந்த நிலையில்தான் மெக்கானிக் அண்ணன் வந்து சேர்ந்தார். எங்கள் ஊர் பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் கம்பி சுற்றிக் காயில் கட்டித் தருகிறவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். அவருக்கு நிஜமாகவே சுகர், அதுவும் பல வருஷமாக. ஒரு நாள் விடிகாலையில் வாய்க்கால் பாலத்தில், புத்தம்புது கேன்வாஸ் ஷூவோடு எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"நீங்களே இந்த வயசுல இவ்வளவு பாடுபடுறப்ப எனக்கு என்ன தம்பி? நானும் வர்றேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வந்தார். தினமும் வந்தார். என் பயிற்சி நாசமாகப் போனது. கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும் அவருக்கு. ரோட்டோரத்தில் ஒரு அடிபம்பு பாக்கி கிடையாது. குடித்தால் அடுத்த பத்தாவது நிமிஷம், "தம்பி, ஒரு நிமிஷம்" என்று புதர் ஓரம் ஒதுங்குவார். நான் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன். 'ஓட வந்தாரா, ஊர்த் தண்ணீரை ருசி பார்க்க வந்தாரா' என்று பல்லைக் கடிப்பேன்.

பேச்சு வேறு ஓயாது. என்ன சாப்பிடுகிறேன், எப்போது டெஸ்ட் எடுத்தேன் என்று கேட்டுக்கொண்டே வருவார். பொய்க்கு மேல் பொய் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். ஒரு நாள், "நீங்க என்ன மாத்திரை போடுறீங்க?" என்றார்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆரம்பத்துல போட்டேண்ணே. ஓட ஆரம்பிச்சதும் விட்டுட்டேன்" என்றேன். அந்தப் பேச்சை முடிக்க வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் ஒன்றும் இல்லை.

"ஓகோ" என்றார். அன்றைக்கு மீதித் தூரம் பேசாமல் வந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பொங்கல் நெருங்கும்போது ஆள் நன்றாக இளைத்திருந்தார். "பாருங்க, பெல்ட்டுல ரெண்டு ஓட்டை உள்ள போயாச்சு. எல்லாம் நம்ம தம்பி தயவு" என்று டீக்கடையில் எல்லோரிடமும் சட்டையைத் தூக்கிக் காட்டினார். போட்டியில் பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்றார். நான்தான் என் போனில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். உடம்புக்கு ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. அவரைக் கேட்காமலே 'இல்லை' என்று தட்டிவிட்டுப் போனேன். அதைச் சொல்லி, அதற்கு டாக்டர் சீட்டு கேட்டு, யார் அலைவது?

போட்டி அன்று அவரை என் வண்டியில்தான் அழைத்துப் போனேன். ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள், வண்டியை ஒடித்து ஒடித்து ஓட்ட வேண்டியிருந்தது. அதற்கு நடுவில் ஒதுங்குவதற்காக இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார். கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் இரண்டும் தஞ்சாவூர் வருவதற்குள் காலி. லேசாக நொண்டினார். கேட்டால், "ஷூ குதிகாலைக் கடிச்சிருக்கு, போயிடும்" என்றார். எனக்கு என் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. "அண்ணே, தண்ணியக் கொஞ்சம் கொறைங்கண்ணே, ஸ்டார்ட்டை விட்டுடுவேன்" என்று சிடுசிடுத்துவிட்டு என் வரிசைக்கு ஓடினேன்.

அன்றைக்கு என் கால்களுக்கு என்ன ஆனதோ, பறந்தன. எங்களை முதலில் விட்டார்கள், பத்து கிலோமீட்டர்க்காரர்களைப் பிறகு. கடைசி ஐந்து கிலோமீட்டர் இருவருக்கும் ஒரே ரோடு. பதினெட்டைத் தாண்டும்போது ஒரு மணி நாற்பத்தொரு நிமிஷம். மீதி மூன்று கிலோமீட்டருக்குப் பத்தொன்பது நிமிஷம் கையில் இருந்தது. நொண்டிக்கொண்டு போனால்கூட வந்துவிடும்.

அங்கேதான் தண்ணீர் மேஜைக்குப் பக்கத்தில், பாலத்துக் கட்டையில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். 'இங்கயும் தண்ணிதானா' என்று நினைத்தேன். கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். நாற்பது, ஐம்பது அடி போயிருப்பேன்.

"அண்ணா! இவரு உங்களைத்தான் கூப்பிடுறாரு! என்னமோ மாதிரி இருக்காரு!"

தண்ணீர் கொடுக்க நின்ற கல்லூரிப் பெண்ணின் குரல். திரும்பினேன். உண்மையைச் சொல்கிறேன், கடுப்போடுதான் திரும்பினேன்.

பக்கத்தில் போனதும் கடுப்பெல்லாம் இறங்கிவிட்டது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. உட்கார்ந்துதான் இருந்தார், ஆனாலும் ஓடிக்கொண்டிருப்பவர் மாதிரி ஆழமாக மூச்சு இழுத்தார். கண் என் மேல் நிற்காமல் நழுவியது. கழற்றி வைத்த ஷூவுக்குள் சாக்ஸ் சீழும் ரத்தமுமாக ஒட்டிக் கிடந்தது.

"அண்ணே, காலைல மாத்திரை போட்டீங்களா?"

"மாத்திரையா? அத விட்டு ரெண்டு மாசம் ஆச்சே தம்பி" என்றார். அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை. "உங்கள மாதிரியேதான்."

அந்தப் பெண் ஆரஞ்சு ஜூஸ் டம்ளரை நீட்டினாள். "குடிங்க அங்கிள், தெம்பா இருக்கும்."

"ஐயோ, அது வேணாம்மா, அவருக்கு சுகர்!" என்று நான் அலறினேன்.

அவர் மெதுவாக, எனக்காகவும் சேர்த்து, "ஆமாம்மா, எங்க ரெண்டு பேருக்குமே வேணாம்" என்றார்.

போட்டிக்காக நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸ் வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். கடிகாரத்தை நிறுத்தத் தோன்றவில்லை. வழியில் அது கையில் அதிர்ந்து, இதுதான் என் வாழ்நாளின் அதிவேகக் கிலோமீட்டர் என்று வாழ்த்துச் சொன்னது. கழற்றிப் பையில் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். மெஷினில் எண்ணே வரவில்லை. அது காட்டக்கூடிய அளவையெல்லாம் தாண்டிவிட்டதாம். ஓயாத தாகம், அடிக்கடி ஒதுங்கியது, மளமளவென்று இளைத்தது, எல்லாமே சுகர் ஏறியதற்கான அடையாளம் என்று டாக்டர் சொன்னார். அத்தனையையும் நான் தினமும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்து எரிச்சல்தான் பட்டிருக்கிறேன்.

"யாரு உங்களை மாத்திரையை நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் அதட்டினார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருந்தார்.

அதற்குள் அவர் மனைவியும் வந்துவிட்டார். அவர் முன்னால்தான் சொன்னேன். எனக்கு சுகர் கிடையாது, ஒரு நாளும் இருந்ததில்லை, ரோட்டில் கேள்வி கேட்கிறவர்களிடமிருந்து தப்பிக்கச் சொன்ன பொய் அது என்று முழுசாகச் சொன்னேன்.

அண்ணி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "நான் வருஷக்கணக்கா மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டுப் பின்னாலயே அலையிறேன், கேக்கல. ரோட்டுல ஓடுறவன் சொன்னா மட்டும் கேப்பீங்க, இல்ல?" என்று புருஷனைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

அண்ணன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே இல்லையா தம்பி?"

"இல்லைண்ணே."

"நல்லது. நல்லா இருங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம ஊர்ல நாம ரெண்டு பேருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். குதிகால் புண் ஆறச் சித்திரை ஆகிவிட்டது. கட்டு மாற்ற நான்தான் வண்டியில் அழைத்துப் போனேன். முதல் இரண்டு மூன்று தடவை பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஓயாமல் பேசியபோது எரிச்சல்பட்டவனுக்கு அந்த அமைதி நன்றாக வேண்டும். இதற்கிடையில் ஊரில் ஆள் ஆளாகப் பார்த்து, எனக்கு சுகர் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். "மறைக்காதீங்க தம்பி, இப்ப யாருக்குத்தான் இல்ல?" என்று என்னையே தேற்றினார்கள். பொய்யை ஒரே கத்தலில் பரப்பியவன், உண்மையை வீடு வீடாகச் சுமந்தும் இறக்கி வைக்க முடியவில்லை.

பிறகு ஒரு நாள், வண்டியில் பின்னாலிருந்து அவரே கேட்டார். "அப்ப எதுக்குத்தான் தம்பி ஓடுறீங்க?"

"பிடிச்சிருக்குண்ணே. வேற ஒண்ணும் இல்ல."

"இத அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா, போய் ஓடுங்கன்னுதான சொல்லப்போறேன்?" என்றார்.

இன்றுவரை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்கவில்லை, என்றைக்காவது முடித்துவிடுவேன். ஆனால் தன்னைப் போல இன்னொருத்தன் இருக்கிறான் என்ற ஒரே தெம்பில், புண் வைத்த காலோடு அவ்வளவு தூரம் ஓடி வந்த மனுஷரிடமிருந்து நான் பறித்துக்கொண்ட அந்தத் துணையை எந்த ஓட்டம் ஓடித் திருப்பிக் கொடுப்பது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.