அண்ணி போட்ட லாகின்

என் அண்ணி ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிஸ்ட். அவரைத் தாண்டி டாக்டர் அறைக்குள் ஒரு ஈ, காக்கா நுழைய முடியாது. கன்னம் வீங்கி நின்ற சொந்தக் கொழுந்தன் என்னையே, "வரிசைல உக்காருங்க தம்பி" என்று கடைசி நாற்காலியைக் காட்டிய புண்ணியவதி.

போன் எடுத்தே பாதி நாள் போகிறது, முன்பதிவுக்கு ஒரு இணையதளம் வேண்டும் என்றார் டாக்டர். ஒரு கம்பெனி வந்து, தளத்தோடு ரிசப்ஷனுக்கும் தங்கள் ஆளையே தருவதாகச் சொன்னது. வேலை போய்விடுமே என்று பயந்தார் அண்ணி. "நானே செஞ்சு தர்றேன் சார்" என்று ஒற்றைக்காலில் நின்று, வெள்ளிக்கிழமை வரை கெடு வாங்கினார். அதுவரை கணினியில் அவர் அடித்ததெல்லாம் டோக்கன் எண்தான்.

வீடியோக்களைப் பார்த்து, சுவரையும் கூரையையும் முன்பே கட்டித் தந்துவிடும் ஒரு வெப் ஃப்ரேம்வொர்க்கைப் பிடித்தார். பாஸ்வேர்டு கொடுத்து லாகின் செய்தவர்களை மட்டும் உள்ளே விட, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வரி எழுத வேண்டுமாம். அண்ணிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இனி ஒருத்தரும் சும்மா நுழைய முடியாது பாருங்க" என்றார் அண்ணனிடம். சொன்னபடியே ஆனது.

வெள்ளிக்கிழமை, பல்வலியோடு நான் மறுபடி அதே கடைசி நாற்காலியில் இருக்க, டாக்டர் ரிசப்ஷன் கணினியில் தளத்தைத் திறந்தார். முதல் பக்கம் அவரை லாகின் பக்கத்துக்கு அனுப்பியது. லாகின் பக்கமோ, முதலில் லாகின் செய்துவிட்டு வா என்று மறுபடி தன்னிடமே அனுப்பியது. திரை செக்குமாடாகச் சுற்றியது.

"என்னம்மா இது, சுத்திக்கிட்டே இருக்கு?"

அண்ணியின் முகம் சுண்டிப்போயிற்று. நான் பல்வலியை மறந்து சிரித்துத் தொலைத்தேன். அவர் முறைத்த முறைப்பில் வலி திரும்பி வந்தது, கூடவே அவர் வேலையை நினைத்துப் பயமும். லாகின் பக்கத்தின் தலையிலும் அந்த வரியை எழுதி வைத்திருந்தார். யாரையும் விட்டுப் பழகாத கை! "வாசலுக்கே பூட்டுப் போட்டா எவன் எப்படி வருவான்" என்று தன்னையே திட்டிக்கொண்டு அதை அழித்தார்.

லாகின் பக்கம் திறந்தது. டாக்டர் பாஸ்வேர்டு அடித்தார். தவறு என்றது. மறுபடி அடித்தார். தவறு. முந்தின நாள் தானே வைத்ததை மறந்திருந்தார் மனிதர்.

"நான்தாம்மா டாக்டர். உள்ள விடச் சொல்லு."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார் அண்ணி. டாக்டர் போனை எடுத்து அந்தக் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டார்.

"உங்க ஆளு வேண்டாம்ப்பா. இங்க இருக்கிறவங்க என்னையே உள்ள விடல."