வீட்டு ஜெபத்தின் நடுவே நான் போட்ட சத்தம்

ஆண்டவருக்கு நன்றி. சபைக்கு நன்றி சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். முதலில் என் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன்.

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். போன வருடம் மழைக்காலத்தில் அவரை வடக்கு எல்லைப் பனிமலைக்கு அனுப்பினார்கள். அங்கே சிக்னல் கிடையாது. பத்து நாளுக்கு ஒருமுறை போன் வந்தால் பெரிது. அவனியாபுரத்தில் வாடகை வீட்டில் நானும் மூன்று வயது மகள் ஜெனியும் மட்டும்.

எங்கள் சபை என்ன செய்தது? ஞாயிறுதோறும் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லை வீரரின் குடும்பம் என்று கைதட்டினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினைந்து பேர் என் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார்கள். அவர்களுக்குக் காபி போட்டது நான். கேசரி கிண்டியது நான். போன பிறகு டம்ளர் கழுவியதும் நான். கிளம்பும்போது ஒருவர், "மிலிட்டரி கேண்டீன்ல ஒரு மிக்ஸி எடுத்துத் தர முடியுமா சிஸ்டர்?" என்பார். கேஸ் தீர்ந்துவிட்டதா, பிள்ளைக்கு மருந்து இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் வாய் திறந்து கேட்கவில்லை. ராணுவக்காரர் மனைவி என்ற வீம்பு.

அந்த வெள்ளிக்கிழமை ஜெனிக்கு இரண்டாம் நாள் காய்ச்சல். இன்றைக்கு வரவேண்டாம் என்று பாஸ்டரிடம் போனில் சொன்னேன். "காய்ச்சல்னா கட்டாயம் வரணும்மா" என்று இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தார். ஹாலில் பாட்டு. உள்ளறையில் பிள்ளை அனத்துகிறாள். நான் அடுப்படியில் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "ஆண்டவரே, ஜெபிக்க ஆள் அனுப்பினது போதும். என் பிள்ளையைத் தூக்க ஒரே ஒரு ஆளை அனுப்பும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அது ஜெபமா, சண்டையா, எனக்குத் தெரியாது.

பாலை இறக்கிவிட்டுப் போய்ப் பார்த்தால் ஜெனிக்கு வலிப்பு. கண் மேலே சொருகிவிட்டது. தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க!" என்று கத்தினேன். சிலர் பிள்ளையின் தலையில் கை வைக்க வந்தார்கள். "இரும்மா, ஜெபத்த முடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்றார் ஒருவர். அவரை மன்னிக்க இன்றும் பாடுபடுகிறேன்.

எஸ்தர் அக்கா மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப எழுந்தார். இட்லிக் கடை வைத்திருப்பவர். ஜெபத்தில் தூங்கி விழுவார். இவரெல்லாம் ஒரு விசுவாசியா என்று நானே ஏளனமாக நினைத்ததுண்டு.

"அவுக ஜெபிக்கட்டும். நீ புள்ளையக் குடு தாயி" என்று வாங்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினார். போன ஷேர் ஆட்டோவை மறித்து, உள்ளே இருந்தவர்களை இறங்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரி சேருவதற்குள் வலிப்பு நின்றது. காய்ச்சல் ஏறியதால் வந்தது, இனிப் பயமில்லை என்றார் டாக்டர். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாளும் எஸ்தர் அக்கா கடையைச் சாத்திவிட்டு என்னோடு இருந்தார். நான் நினைத்ததை அழுதபடியே அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "விடிய நாலு மணிக்கு எந்திரிச்சு இட்லி ஊத்துறவளுக்கு, உக்காந்தா கண்ணச் சொருகத்தான செய்யும்? இம்புட்டு நீளமா ஜெபிக்கவும் எனக்கு வராது" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் கணவர் போனில் வந்தார். "ஜெனி எப்படி இருக்கா?" என்றார். "நல்லாருக்கா" என்று பொய் இல்லாமல் சொல்ல முடிந்தது. அதற்கு மேல் எனக்கு அற்புதம் வேண்டாம்.

இந்தச் சாட்சியை எழுதச் சொன்ன பாஸ்டர், "நீங்க சத்தம் போட்டத விட்டுடலாமேம்மா" என்றார். விடமாட்டேன். ஆனால் அவர் மாறியதையும் மறைக்கமாட்டேன். இப்போது வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் சாப்பாடு கொண்டு வருகிறார்கள். காபியை அவர்களே போடுகிறார்கள். நானும் வீம்பை விட்டு, வேண்டியதைக் கேட்கிறேன்.

அன்பானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். கோபத்தோடு கேட்டாலும் காது கொடுப்பார். உங்கள் சபையிலும் எல்லைக்குப் போனவர் வீடு ஒன்று இருக்கும். பைபிளோடு போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே நுழைந்ததும் பிள்ளை எங்கே, எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.