உடைமர நிழலில் ஒரு ஃபிரிட்டிலரி

சண்முகத்தாய் அக்கா இறந்த செய்தியை அவருடைய அண்ணன்தான் எனக்குச் சொன்னார். காலையில் மருந்துக்கடையைத் திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "யம்மா, ஒங்க அக்கா தூக்கத்துலயே போயிட்டா. அவகூட பூச்சி பாக்க வாரவங்களுக்கு நீயே சொல்லிரு. எனக்கு யாரு நம்பரும் தெரியாது" என்றார். உங்களில் பலரை நான்தான் அழைத்தேன். அன்று செய்தியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

வாரம் முழுக்க அக்காவுக்கு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஞாயிறு வந்தால் நம்மோடு வண்ணத்துப்பூச்சி பார்க்க வந்துவிடுவார். குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் எதையாவது காட்டிப் பெயர் கேட்டால், "பேரு எங்க போயிரப் போகுது? எந்த ஊருக்காரின்னு மொதல்ல கேளு" என்பார். ஒரே இனம் ஊருக்கு ஊர் வேறு உடையில் திரியும் என்பது அவர் கணக்கு. அண்ணன் வீட்டு மாடியில் தனியாக இருந்தார். அங்கே இதெல்லாம் எடுபடவில்லை. "வெள்ளாமை பாக்குத குடும்பம். இவ மட்டும் அடுத்தவன் பிஞ்சையில எருக்கஞ்செடிய சுத்தி வாரா" என்று அண்ணன் என் எதிரிலேயே சொல்லியிருக்கிறார். அக்கா சிரித்துக்கொள்வார். மாடிப்படி ஏறும்போது சிரிப்பு இருக்காது.

போன வருடம் கழுகுமலைச் சாலையில், உச்சி வெயிலில், முள்ளும் பொடி இலையுமாக நின்ற ஓர் உடைமரத்தடியில் அக்கா எடுத்த படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஆரஞ்சு இறகு, கறுத்த நுனி, அதில் குறுக்கே வெள்ளைப் பட்டை, பின்னிறகு முழுக்கக் கரும்புள்ளிகள். புத்தகத்தில் பெரிய ஃபிரிட்டிலரி என்ற வண்ணத்துப்பூச்சியின் பெண் அப்படியே இருந்தது. அது மலையில் வாழ்வது. கரிசலில் யாரும் கண்டதில்லை. நூலகத்தில் மாட்டவிருந்த நம் வட்டார வண்ணத்துப்பூச்சி அட்டையில் அதைச் சேர்க்கலாம் என்றார் குழுவை நடத்தும் மாடசாமி சார். கீழே கண்டவர் பெயராக அக்காவின் பெயர். இதைக் கேள்விப்பட்ட அண்ணன், அட்டையின் திறப்பு நாளுக்கு ஓட்டப்பிடாரத்துச் சொந்தக்காரர்களையே அழைத்துவிட்டார்.

அக்காவுக்கு மட்டும் நிம்மதி இல்லை. "புஸ்தகத்துல நிக்கவ வடக்கத்திக்காரி. நம்ம பக்கத்து மலைக்காரி எப்படி இருக்கான்னு பாக்க வேண்டாமாட்டி?" என்று என்னைக் கொடைக்கானலுக்கு இழுத்துப் போனார். இரண்டாம் நாள் ஒரு புல் சரிவில் பார்த்தோம். முட்டையிட்டுக்கொண்டிருந்ததால் பெண் என்பதில் சந்தேகமில்லை. இறகின் நுனி கறுப்பாக இல்லை. ஆணைப்போலவே இறகு முழுக்கப் புள்ளி. வடக்கே உள்ள பெண், நம் ஊரில் எங்கும் திரியும், பறவைகளுக்குக் கசக்கும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியைப்போலக் கறுத்த நுனியோடு வேஷம் போடுகிறது. நாங்கள் கொடைக்கானலில் பார்த்த பெண்ணுக்கு அந்த வேஷம் கிடையாது. காற்று அடித்துக்கொண்டு வந்து கரிசலில் இறக்கியிருந்தாலும் அவளுக்குக் கறுத்த நுனி இருக்க முடியாது. அக்காவின் படத்தில் இருந்தது.

"அப்ப இது நம்ம வெந்தய வரியன்தான்" என்றார் அக்கா. வெந்தய வரியனுக்குப் பின்னிறகு முழுக்கப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன்.

ஊர் திரும்பியதும் அதே மரத்தடிக்கு, அதே உச்சி வெயிலில் போனோம். அக்கா தன் காவி நிற முந்தானையை விரித்துப் பிடித்தார். உடைமரத்தின் பொடி இலைகளுடைய நிழல் துணிமேல் கரும்புள்ளிகளாக விழுந்தது. என் போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னார். "இத்தனை நாளா நெழலுக்குல்லா பேரு வச்சிருக்கோம்" என்றார். பிறகு முந்தானையை மடித்துச் செருகிக்கொண்டு நடந்தார். அவர் அண்ணனை நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

யாரிடமும் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மாடசாமி சார்கூட, "கேள்விக்குறி போட்டு வச்சுக்கிடுவோமே" என்றார். அக்கா கேட்கவில்லை. திறப்பு நாளில், முதல் வரிசையில் வெள்ளை வேட்டியோடு அண்ணன் உட்கார்ந்திருக்க, தன் படம் ஏன் அட்டையில் இல்லை என்பதை எழுந்து நின்று விளக்கினார். வெளியே வந்ததும் அண்ணன், "ஊரைக் கூட்டி வச்சு இல்லன்னு சொல்லுதியே" என்றார். "இல்லாதத இருக்குன்னு சொன்னா, நாளைக்கு ஒரு பிள்ள வந்து வெயில்ல தேடும்லாண்ணே" என்றார் அக்கா.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். ஆனால் அந்த மழைக்காலத்தில் பருத்திக்காட்டிலிருந்து அவரே தங்கைக்குப் போன் செய்தார். "இங்கன ஒண்ணு இருக்கு. கறுப்பா, வால் வச்சு. வாரியா, பறந்துரும்."

இறப்புக்குப் போனபோது மாலை போட ஒரு படம் வேண்டும் என்று அவர் என்னிடம் கேட்டார். எப்போதும் கேமரா அக்கா கையில் இருந்ததால், என் போனில் அவர் முகம் இல்லை. முந்தானைப் படம் மட்டும் இருந்தது: காவித் துணி, நிழல் புள்ளிகள், ஓரத்தில் துணியை இழுத்துப் பிடித்த இரண்டு விரல்கள். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அவ வெரல்தான்" என்றார்.

முகம் உள்ள படம் அலுவலகத்திலிருந்து வந்தது. மாலை அதற்குத்தான். என்னிடம் இருப்பது இந்த விரல்கள்.