எழும்ப முடிகிற உயரம்

என் கணவர் சாமான் வாங்கப் போனால் கடைக்காரருக்கே பொறுமை போய்விடும். ஒரு டோர்ச் லைட்டுக்காகக் கண்டி டவுனில் ஏழு கடை ஏறி இறங்குவார். முப்பது வருடம் ஹாட்வெயார் கடையில் நின்று மற்றவர்களுக்கு விற்றவர், தனக்கென்று வாங்கும்போது எதையும் நம்புவதில்லை. நானோ கண்ணுக்குப் பிடித்தால் உடனே எடுத்துவிடுகிற ஆள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், வாயும் கொஞ்சம் நீளம். வீட்டுக்கு ஒரு ரோவிங் மெஷின் வாங்குவது என்று முடிவானபோது, இது சண்டையில்தான் முடியும் என்று நினைத்தேன்.

மெஷின் எனக்காகத்தான். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இரண்டு வருடமாகக் கதிரையில் இருந்துதான் தொழுது வந்தேன். ஏலாதவர்களுக்கு அது போதும், நன்மையில் குறைவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் சுஜூதுக்குக் குனியும்போது நெற்றிக்குக் கீழே வெறும் காற்று. நிலத்தில் நெற்றி படாமலே ஆயுள் முடிந்து மௌத்தாகிவிடுவேனோ என்ற பயம் எனக்குள் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண், தொடையில் பலமே இல்லை என்றார். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு ஏற்றத்தில் நடந்தால் உள்ள முழங்காலும் போய்விடும், வழுக்கிப் போய்வருகிற இருக்கையில் இருந்து துடுப்பு வலிப்பதுபோல் இழுக்கிற மெஷின் நல்லது, ஆனால் காலை முழுதாக மடக்கக் கூடாது என்றார். நிலத்தில் நெற்றி வைக்க முடியுமா என்று கேட்டேன். தசை வரட்டும், பார்க்கலாம் என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அன்றே வாங்கியிருக்கலாம். இவர் விடவில்லை. மூன்று கிழமை போனில் வீடியோ பார்த்தார். அது போதாதென்று, வீட்டுக்குள் டேப்போடு திரியத் தொடங்கினார். நான் சாப்பாட்டு மேசையை விட்டு எழும்பினால், பின்னாலேயே வந்து அந்தக் கதிரையை அளப்பார். கட்டில், ஹோலில் கிடக்கும் மெத்தைச் செட்டி, குசினிப் பலகை, ஒன்றையும் விடவில்லை.

“வாங்கப் போறது மெஷின். கதிரைய என்னத்துக்கு அளக்கிறீங்க?” என்று கத்தினேன்.

“சும்மாதான்,” என்றார். கோபம் தலைக்கேறியது.

ஒரு சனிக்கிழமை அக்குறணைக்குப் போனோம். வெள்ளத்துக்குப் பயந்து அந்தக் கடையில் பாரமான சாமான்களெல்லாம் மேல்மாடியில் இருந்தன. என்னைப் படி ஏற விடாமல் கடைக்காரரே இரண்டு மெஷின்களைக் கீழே இறக்கிவைத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, “ராத்தா வசதியா இழுத்துப் பாருங்க,” என்று சொல்லி ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு வெளியே போனார். வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு, மாத்தளை பஸ்களை எண்ணுகிறவர்போல் நின்றார். அபாயாவோடு நடுக்கடையில் எப்படி இருந்து இழுப்பது என்று வழியெல்லாம் கூசிக்கொண்டு வந்தவள் நான். அந்த மனிதரை இன்றைக்கும் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

முதலாவது மெஷின் கறுப்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது. சின்னத் திரை, மடித்துவைக்கிற வசதி, எல்லாம் உண்டு. “இதுதான். எடுங்க,” என்றேன்.

“இருந்து பாருங்க,” என்றார் இவர்.

இருந்தேன். இழுத்தேன். சத்தமே இல்லை, வெண்ணெய் மாதிரிப் போனது.

“இப்ப எழும்புங்க.”

எழும்ப முடியவில்லை. முன்னால் சாய்ந்து பார்த்தேன், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். கடைசியில் அவர் கையைப் பிடித்துத்தான் எழும்பினேன். வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது.

அவர் டேப்பை எடுத்து இருக்கையின் உயரத்தை அளந்தார். “இது பத்து இஞ்சு. மேசைக் கதிர பதினெட்டு, அதுல கை ஊன்டாம எழும்புறீங்க. கட்டில் பதினேழு, அதுல ஒரு கை வைக்கிறீங்க. செட்டி பதினாலு, அதுல ரெண்டு தரம் ஆடித்தான் எழும்புறீங்க.”

கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் இந்த மனிதர் என் சாரி நல்லாயிருக்கு என்று ஒரு தரம் சொன்னதில்லை. ஆனால் எந்த உயரத்தில் என் கால் என்னைக் கைவிடும் என்று அங்குலக் கணக்கில் தெரிந்து வைத்திருந்தார். அழுகை வந்தது. தலைச் சால்வையைச் சரிசெய்கிற சாட்டில் கண்ணைத் துடைத்தேன்.

இரண்டாவது மெஷின் ஏற்கெனவே யாரோ பாவித்தது. கீறல் விழுந்தது, கொக்குபோல் நீண்ட கால்கள், முன்னால் ஒரு காற்றாடிச் சக்கரம். இழுத்தால் மழைக்கு முந்திய காற்றுபோல் இரைந்தது. அதன் இருக்கை இருபது அங்குல உயரம். இருந்தேன், எழும்பினேன். மறுபடியும் இருந்து எழும்பினேன். அதையே எடுத்தோம்.

முதல் நாள் பத்து இழுவையோடு மூச்சு வாங்கியது. இருக்கை ஓடுகிற தண்டவாளத்தில் இவர் ஒரு சிவப்பு டேப் ஒட்டினார். அதற்கு முன்னால் போனால் முழங்கால் அதிகமாக மடங்கிவிடும். சில கிழமைக்கு ஒரு தரம், நான் காணாத நேரத்தில், அந்த டேப் ஓர் அங்குலம் முன்னே நகர்ந்திருக்கும். “ஆரு நகத்தின?” என்று கேட்டால் பேப்பரைப் பார்ப்பார். திட்டிக்கொண்டே இழுத்தேன். ஒரு நாளும் விடவில்லை. என் பிடிவாதத்தை நானே மெச்சிக்கொள்கிறேன்.

எட்டு மாதம் போனது. ஒரு பின்னேரம் நல்ல மழை. பள்ளிவாசலுக்குப் போக முடியாமல் இவர் மஃரிப் தொழுகையை வீட்டில் தொழவைத்தார். அவர் முன்னால் நின்றார், நான் பின்னால். அவர் தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்க முன்பே என் கதிரையைச் சத்தமில்லாமல் ஓரமாக வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்லவில்லை.

அவர் சுஜூதுக்குப் போனார். நான் கையை ஊன்றி, ஒவ்வொரு முழங்காலாக இறக்கி, மெல்லக் குனிந்தேன். நெற்றி பாயில் பட்டது. என்ன ஓதினேன் என்று இப்போது நினைவில்லை. பாய் நனைந்தது மட்டும் தெரியும்.

இரண்டாம் சுஜூதும் முடிந்தது. அவர் எழும்பி நின்றார். நான் நிலத்தில் கையை ஊன்றினேன், தொடை நடுங்கியது, பாதி தூரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். நேரம் போனது. அடுத்து அவர் சத்தமாக ஓத வேண்டும், ஓதவில்லை. தொழுகையில் திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பவும் இல்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு என் கால்களுக்குக் காது கொடுத்து நின்றார். இரண்டாம் முறை முயன்று, நான் நேராக நிமிர்ந்து நின்ற பிறகுதான், “பிஸ்மில்லாஹ்” என்று தொடங்கினார்.