தகரம் வரை சுரண்டும் தொழில்

கேட்டுக்கும் கிரில்லுக்கும் பவுடர் கோட்டிங் அடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்த எங்கள் தொழிலைப் பிடித்த சனியன், கார். "பெயிண்டை விட ரொம்ப நாள் உழைக்கும்" என்று எவனோ வீடியோவில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அம்பத்தூரில் என் பட்டறை வாசலில் வந்து நிற்காத வண்டியில்லை. நீங்களும் ஒரு கடை வைத்து, வருகிற போகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவராக இருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

அப்படியே உள்ளே தள்ளுங்க

திருவேற்காட்டிலிருந்து ஒருவர் வந்தார். "கலர் மங்கிப்போச்சு, பவுடர் அடிச்சு வைங்க, சாயந்தரம் வந்து எடுத்துக்கிறேன்" என்று சாவியை நீட்டினார். பவுடரைத் தூவினால் மட்டும் போதாது சார், இருநூறு டிகிரி அடுப்பில் வேகவைத்தால்தான் உருகிப் பிடிக்கும் என்று விளக்கினேன். சீட்டு, ஒயர், ரப்பர், கண்ணாடி எல்லாம் கழற்றி வெறும் கூடாகக் கொண்டுவந்தாலும், முழு பாடி நுழைகிற அடுப்பு என்னிடம் இல்லை என்றேன். பெட்ரோல் டேங்க்கோடு உள்ளே தள்ளினால் என் பட்டறையோடு பக்கத்துப் பட்டறையும் போய்விடும் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டவர், சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே சொன்னார்: "வேலை செய்யச் சோம்பேறித்தனம்னு நேரா சொல்லிட்டுப் போங்களேன்!"

வெள்ளானூர் கேட்டு

அடுத்தவர் வெள்ளானூர்க்காரர். இவர் வீட்டு கேட்டுக்கு நாங்கள்தான் பவுடர் அடித்தோம். அதைப் பார்த்துவிட்டு, கார் பானெட்டுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று வந்தார். பானெட்டைக் கழற்றித் தந்தால் அடிக்கலாம்தான். ஆனால் நாளைக்கு எங்காவது இடித்து, நெளிசல் எடுக்கிற டிங்கர் வேலைக்காரன் சுத்தியலால் தட்டினால் அந்த இடம் உரிந்துவிடும், பெயிண்ட் மாதிரி ஒட்டுப்போட முடியாது என்றேன். "கேட்டுல ஒரு கீறல்கூட இல்லையே?" என்றார். கேட்டு போய் யார் மேலும் மோதுவதில்லையே சார் என்று வாயை விட்டேன். மனுஷன் முகம் சிவந்துபோய்விட்டது: "அப்ப எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்றியா?"

அந்தோணியின் நாலு கதவு

இனி சொல்லப்போவதுதான் இன்னும் என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. அந்தோணி பட்டாபிராமில் கால் டாக்ஸி ஓட்டுகிறவர். அந்த ஒரு வண்டியில்தான் அவர் குடும்பமே ஓடுகிறது. அதை அவருக்கு விற்றது அவர் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி ராபர்ட். "ஒரு இடிகூட வாங்காத வண்டி மாமா" என்று சொல்லிக் கொடுத்தானாம்.

"பைக்ல போறவனுங்க உரசி உரசி கதவு நாலும் நாறிக்கீது அண்ணாத்தே, பவுடர் அடிச்சுக் குடு" என்றார். பாடியில் பெயிண்ட், கதவில் பவுடர் என்றால் இரண்டு வெள்ளையும் வெயிலில் வேறுவேறாகத் தெரியும் என்று எச்சரித்தேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "தெரிஞ்சா தெரியட்டும். அடுத்த மாசம் மச்சான் ராபர்ட்டுக்குக் கல்யாணம். பொண்ணு மாப்ளைய சர்ச்சுலேந்து நம்ம வண்டிலதான் இட்டுகினு வரப்போறேன்!"

மூணாவது கதவு

பெயிண்ட்காரனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பழைய பெயிண்ட் மேலேயே லேசாகத் தேய்த்து அடித்துவிடுவான். அடியில் என்ன இருந்தால் அவனுக்கென்ன? பவுடருக்கு வெறும் தகரம் வேண்டும். மருந்து தடவி மொத்தத்தையும் சுரண்டி எடுப்போம். எடுத்ததும், பவுடர் அடிக்கும் முன்னால், ஓனரைக் கூப்பிட்டுத் தகரத்தைக் காட்டுவோம். 'நீதான் நசுக்கிட்டே' என்று பின்னால் யாரும் பழி போடக் கூடாதில்லையா, அதற்காக.

இடது பக்கக் கதவு இரண்டும் சுத்தமாக வந்தன. மூன்றாவதாக வலது பக்கக் கதவைச் சுரண்டினோம். பெயிண்டோடு சேர்ந்து பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்தது. பள்ளத்தை மறைக்க மாவு மாதிரி பூசித் தேய்ப்பார்களே, அந்தப் பட்டிதான். அடியில் சப்பிப்போய், அடித்து நிமிர்த்தி, வேறு தகரத்தை வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். நாலாவது கதவும் அதே லட்சணம். எதுவோ பெரிய வண்டி பக்கவாட்டில் வந்து ஏறியிருக்கிறது.

வழக்கப்படி ஃபோன் போட்டேன். அந்தோணி தனியாக வருவார் என்று பார்த்தால், மச்சானையும் பைக்கில் உட்காரவைத்து அழைத்து வந்துவிட்டார். தகரத்தைக் காட்டினேன். அந்தோணி வெல்டிங் தழும்பின் மேல் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார், பிறகு ராபர்ட்டைத் திரும்பிப் பார்த்தார். ராபர்ட் என் அடுப்பையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "சில வண்டி கம்பெனிலேந்தே இப்டிதான் வரும் மாமா."

வேகாத கதவு

ராபர்ட் பஸ்ஸில் போய்விட்டான். இந்த இரண்டு கதவுக்கும் பவுடர் ஆகாது என்று அந்தோணியிடம் சொன்னேன். மறுபடி பட்டி பூசினால் அடுப்புச் சூட்டில் வெடித்துவிடும், பூசாவிட்டால் மேடும் பள்ளமும் அப்படியே தெரியும். பெயிண்ட் கடைக்கே கொண்டுபோங்கள் என்றேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால்கூடத் தேவலை. நாலு கதவையும் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "தெனம் என் கொழந்தைங்க இந்தக் கதவுல சாஞ்சிகினுதான் ஸ்கூலுக்குப் போச்சுங்க அண்ணாத்தே."

ஸ்டெல்லா வந்தது

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். விட்டுப்போன கதவு ரப்பரை வாங்கிக்கொண்டு போக ஸ்டெல்லா வந்தார். நானும் சும்மா இருக்காமல், கல்யாணமெல்லாம் நல்லபடியாக நடந்ததா என்று கேட்டுத் தொலைத்தேன். அவர்கள் வீட்டிலிருந்து யாருமே போகவில்லையாம். போனால் திரும்பி வராதே என்றிருக்கிறார் அந்தோணி. தம்பி கல்யாணத்துக்கே வராதவள் இனிமேல் வாசப்படி மிதிக்காதே என்று அம்மா வீட்டிலும் சொல்லிவிட்டார்கள்.

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. நான் உள்ளதைத்தானே காட்டினேன்மா என்றேன். ரப்பரைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டே அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உன்ன யாருண்ணே காட்டச் சொன்னது? பெயிண்ட் அடிக்கிறவன்னா மேல அடிச்சிட்டுப் போயிருப்பான். எனக்குன்னு ஒரு அம்மா ஊடு இருந்திருக்கும்."

இப்போதெல்லாம் கார் கதவு என்று யார் வந்தாலும் வண்டி யாரிடம் வாங்கினது என்றுதான் முதலில் கேட்கிறேன், சொந்தக்காரனிடம் என்றால் பக்கத்துத் தெரு பெயிண்ட்காரனுக்குக் கைகாட்டிவிடுகிறேன்.